சத்தம் போடாத கியர்பாக்ஸ்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லவான் டிப்டனின் பட்டறை மேஜைமேல் ஒரு பிணம் கிடந்தது. கியர்பாக்ஸின் பிணம். வயிறு பிளந்து, பற்கள் சிதறி, எண்ணெய் மேஜை விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"தொடாதே லைனஸ்," என்றார் வெர்னா.

"கைரேகை அழிஞ்சிடுமா மேடம்?"

"கிரீஸ் ஒட்டும். நீ என் கார்லதான் திரும்பி வரணும்."

வெர்னா ஹாபெகர் முப்பது வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்துகொண்டு, எரியாத வீட்டுக்கும் சாகாத மாட்டுக்கும் பணம் கேட்டவர்களைப் பிடித்தவர். ஓய்வு பெற்றபின் மன்ஸி ஊரில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். அதில் அவர் முதலாளி. நான் மீதி எல்லாம். முன்பு டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராக இருந்தேன். கிளட்ச் வைத்த வண்டியை எனக்கு ஓட்டத் தெரியாது என்பதை நிர்வாகம் ஆறு வருஷம் கழித்துக் கண்டுபிடித்தது. இண்டியானாவில் வேறு எந்த ஊரானாலும் மன்னித்திருப்பார்கள். மன்ஸி கியர்பாக்ஸ் செய்து பெயர் வாங்கிய ஊர்.

லவான் அழுக்குத் துணியில் கையைத் துடைத்தாள். நாற்பது வயதிருக்கும். தூங்கி இரண்டு நாள் ஆகியிருக்கும்.

"நான் போட்டது இது இல்ல மேடம்," என்றாள். "பிரென்டிஸ் டாக்டர் வண்டிக்கு நான் போட்டது பாறைநொறுக்கின்னு பேரு வாங்கின பலமான கியர்பாக்ஸ்."

பிரென்டிஸ் ஊரறிந்த பல் டாக்டர். அறுபத்தாறாம் வருஷத்து ஷெவெல் கார் ஒன்று வைத்திருக்கிறார். அதன் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, பலம் இரண்டு மடங்கான ஒன்றை லவான்தான் ஏற்றிக் கொடுத்தாள். அந்த எஞ்சின் தரும் உதையைத் தாங்க அதற்கேற்ற கியர்பாக்ஸ் வேண்டும். போன ஞாயிறு கால் மைல் பந்தயத் தடத்தில் டாக்டர் பச்சை விளக்கைப் பார்த்துக் கிளட்ச்சை விட்டார். கியர்பாக்ஸ் வெடித்தது. வண்டியின் தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்த துண்டு ஒன்று டாக்டரின் கணுக்காலை உடைத்தது.

தடத்தின் பாதுகாப்புக் கமிட்டி பெட்டியைத் திறந்து பார்த்தது. உள்ளே இருந்தவை சாதாரணப் பெட்டியின் பற்சக்கரங்கள். லவான் எழுதிக் கொடுத்த தாளில் பாறைநொறுக்கி என்று இருக்கிறது. இன்று மாலை ஐந்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது. பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிட்டால், அவள் கட்டிய எந்த வண்டியும் அந்தத் தடத்தில் இறங்க முடியாது.

"பதினாலு வண்டி மேடம். பதினாலும் வேற பட்டறைக்குப் போயிடும். அதுகூடப் பரவால்ல. ஒருத்தர் கால உடைச்சவள்னு பேரு வந்துடுமே. ஏமாத்தி உடைச்சவள்னு."

எனக்குப் பாவமாக இருந்தது. வெர்னாவுக்கும் இருந்திருக்கும், ஆனால் அவர் முகம் அந்த மாதிரிச் செய்திகளை வெளியிடுவதில்லை.

"ரெண்டு பெட்டிக்கும் வெளியிலேர்ந்து பாத்தா என்ன வித்தியாசம்?"

"ஒண்ணுமில்ல. ஓடு ஒரே மாதிரி."

"ஓட்டினா?"

"சத்தம். சாதாரணப் பெட்டியில பல்லெல்லாம் நல்லாச் சாய்வா இருக்கும். வழுக்கிக்கிட்டு சத்தமில்லாம ஓடும், ஆனா பலம் கம்மி. பாறைநொறுக்கியில பல்லு கொஞ்சம் நேரா இருக்கும். அடி தாங்கும், ஆனா ஊளையிடும்."

"டாக்டருக்கு அத யாரு சிபாரிசு பண்ணா? நீயா?"

"நான் சொன்னது புதுசா வந்திருக்கிற அஞ்சு கியர் பெட்டி. பலமும் ஜாஸ்தி, சத்தமும் கிடையாது. அவரு கேக்கல. பாறைநொறுக்கின்னு பேரு மேடம். ஆம்பளைங்க அந்தப் பேரக் கேட்டாங்கன்னா அதுக்கப்புறம் நாம சொல்ற எதுவும் காதுல ஏறாது."

"எனக்கு ஏறும்," என்றேன்.

"நீ ஆட்டோமேட்டிக் ஓட்டுறவன்," என்றாள் லவான். எட்டே நிமிஷப் பழக்கம். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை.

காரில் ஏறியதும் வெர்னா கேட்டார், "லைனஸ், காது எங்க இருக்கும்?"

"தலைக்கு ரெண்டு பக்கமும் மேடம்."

"ஊருக்கு?"

எனக்குப் பசித்ததால் பதில் உடனே வந்தது. "ரூட் பியர் கடையில."

ரூட் பியர் பெயரில் மட்டும்தான் பியர், உண்மையில் இனிப்புக் குளிர்பானம். அந்தக் கடை நெடுஞ்சாலை வளைவில் இருக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே வரிசையாக நிறுத்தி, முன்மூடியைத் திறந்து வைத்து, ஒருவர் எஞ்சினை இன்னொருவர் பார்த்துப் பாராட்டுவதுபோல் குறை சொல்வார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக நெட்டி கோய் நிற்கிறார். சாலைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். அடுப்பு அந்தப் பக்கம்.

"என்ன கண்ணு வேணும்?"

"பன்றிக்கறி பன் ஒண்ணு," என்றேன். வந்தது. பொரித்த கறி பன்னைவிட மூன்று மடங்கு பெரிது. பன் எங்கே என்று தேடிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

"நெட்டி, பிரென்டிஸ் டாக்டர் வண்டியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று வெர்னா கேட்டார்.

"பாத்ததே இல்லம்மா. கேட்டிருக்கேன்." சாலையில் ஏதோ உறுமியது. நெட்டி திரும்பாமலே எண்ணெய்ச் சட்டியில் எதையோ போட்டார். "போட்மேன் வர்றான். வெங்காய வளையம் ரெண்டு."

நீல நிறப் பழைய வண்டி ஒன்று வளைவில் திரும்பி வந்து நின்றது. போட்மேன் இறங்கினார். "வெங்காய வளையம் ரெண்டு நெட்டி," என்றார்.

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

"வளைவுல கியர் மாத்துறப்பவே ஆர்டர் போட்டுடுவேன்," என்றார் நெட்டி. "டாக்டர் வண்டி மே மாசம் பூரா ஊளையிட்டுக்கிட்டே வந்துச்சு. அவருக்கு ஐஸ் போடாத ரூட் பியர். சத்தம் கேட்டா ஊத்திடுவேன், அவர் வந்து நிக்கவும் கிளாஸ் போகவும் சரியா இருக்கும். ஜூன்ல ஒரு நாள் பூனை மாதிரி வந்து நிக்குறாரு. கிளாஸ் ரெடி இல்ல. 'என்ன டாக்டர், உங்க பாட்டு எங்க?'ன்னு கேட்டேன். செவசெவன்னு ஆயிட்டாரு."

வெர்னா கைக்குட்டையை எடுத்து என் முகவாயைக் காட்டினார். நான் துடைத்துக்கொண்டேன். "அப்புறம் அந்தப் பாட்டக் கேக்கவே இல்லியா?"

"கேக்காம என்ன? ரெண்டு வாரம் கழிச்சு வளைவுல அதே ஊளை. டாக்டர் வண்டிக்கு உடம்பு சரியாயிடுச்சுன்னு ஆசையா ஐஸ் போடாம ஊத்தி நீட்டுறேன், எதிர்ல ஆர்லோ கிம்மெல் நிக்குறான். அவனுக்கு ஐஸ் இல்லாம ஆகாது. மறுபடி ஊத்தினேன்."

வெர்னா எழுந்துவிட்டார். எனக்கு இன்னும் கறி பாக்கி இருந்தது.

ஆர்லோ கிம்மெல் ஊரின் தென்கோடியில் பட்டறை வைத்திருப்பவன். வழியில் நான் வழக்கை முடித்துவிட்டேன்.

"திருட்டு மேடம். டாக்டர் எண்ணெய் மாத்த வண்டிய விட்டிருப்பாரு. இவன் நல்ல பெட்டிய உருவிட்டு சொத்தப் பெட்டிய மாட்டிட்டான். போலீஸக் கூப்பிட்டா நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"டாக்டர் ஏன் செவந்தாரு?"

"வெயில்."

"ஜன்னலுக்கு மேல பந்தல் இருக்கு."

ஆர்லோ எங்களைப் பார்த்ததும் ஓடவில்லை. வாய் நிறையச் சிரித்தான். ஐம்பது வயது வாய். புகையிலைக் கறை ஏறிய பல்வரிசைக்கு நடுவே முன்பற்கள் இரண்டு மட்டும் புதுப் பீங்கான் கோப்பைபோல் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"நல்ல பல்லு ஆர்லோ," என்றார் வெர்னா.

சிரிப்பு நின்றது. உதடு மூடிக்கொண்டது.

"பிரென்டிஸ் டாக்டர் கைவேலை நேர்த்தியா இருக்கும்னு கேள்விப்பட்டேன். வேலைக்குக் கூலியா எத்தன பல்லு பேசினீங்க?"

"ஆறு," என்றான். "ரெண்டு ஆயிருக்கு. நாலு பாக்கி."

"பாறைநொறுக்கிய உன் வண்டியில போட்டிருக்க."

"திருடல மேடம்! அவரா வந்து குடுத்தாரு. 'ஆர்லோ, இந்தச் சத்தத்த நிறுத்து'ன்னாரு. 'டாக்டர், இது கோளாறு இல்ல, இதுக்காகத்தான் ஜனங்க இத வாங்குறாங்க'ன்னேன். 'நிறுத்து'ன்னாரு. கழட்டிட்டு சாதாரணப் பெட்டிய மாட்டினேன். 'இத வெச்சு ரூட் பியர் குடிக்கப் போங்க, தடத்துல மட்டும் எறக்காதீங்க'ன்னு மூணு தடவ சொன்னேன். தலைய ஆட்டினாரு. 'யார்கிட்டயும் சொல்லாத'ன்னாரு. சத்தியம் பண்ணேன்."

நான் காரில் முடித்த வழக்கு அங்கே செத்தது. திருடனே இல்லை.

"லவான் பேர அடிக்கப் போறாங்க, தெரியும்ல?" என்றேன்.

"தெரியும்." அவன் நெளிந்தான். "நல்ல பொண்ணு. அவ வேலையில ஒரு போல்ட்டக் குறை சொல்ல முடியாது. ஆனா சத்தியம் பண்ணிட்டேன் தம்பி. அதோட நாலு பல்லு பாக்கி. எங்கக்கா பொண்ணு கல்யாணம் செப்டம்பர்ல. போட்டோ எடுப்பாங்க."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வெர்னா என் கையைத் தொட்டார்.

"நீ பேச வேணாம் ஆர்லோ. சத்தியம் சத்தியமாவே இருக்கட்டும். உன் வண்டிய ஒரு மணி நேரம் கடன் குடு."

"எதுக்கு?"

"அது யாருக்கும் சத்தியம் பண்ணலையே."

ஆர்லோ யோசித்தான். அதில் தப்பு எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது. சாவியைக் கொடுத்தான்.

மூன்று பெடல் இருந்த அந்த வண்டியில் வெர்னா ஏறினார். இரண்டு பெடல் இருந்த அவர் காரில் நான் பின்தொடர்ந்தேன். முன்னால் போன வண்டியின் ஊளை என் கண்ணாடியை ஏற்றிவிட்டபின்பும் கேட்டது.

எனக்கு இட்ட கட்டளை எளிமையானது: டாக்டர் வீட்டு முன்வாசலில் உட்கார், பேசிக்கொண்டிரு, எதையும் கேட்காதே. மணி மூன்றரை. டாக்டர் பிரென்டிஸ் மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார். அதுதான் தொல்லை.

"ராத்திரியில பல்ல நறநறன்னு கடிப்பீங்களா?" என்று என் வாயைப் பார்த்துக் கேட்டார்.

"பகல்லயும் கடிப்பேன் டாக்டர். எங்க மேடம்கிட்ட வேலை பாக்குறேன்."

"கடைவாய்ப் பல்லு தேஞ்சிருக்கும். ஒரு நாள் வந்தீங்கன்னா…"

தெருமுனையில் ஊளை எழுந்தது. மெல்லியதாகத் தொடங்கி, உயர்ந்து, வீட்டு முன்னால் ஒரே சுருதியில் நின்று, தேய்ந்து போனது. இரண்டாவது கியரில் வெர்னா மணிக்கு இருபது மைல் வேகத்தில் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

"வந்தா?" என்றேன்.

"ம்? ஆமா. ஒரு… எக்ஸ்ரே எடுக்கலாம்."

இரண்டாவது சுற்றில் அவர் கை தானாகத் தாடையைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கே கீழ்த்தாடையில் இடது பக்கம் கூசியது. போன வருஷம் அடைத்த பல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. நாற்காலியில் மல்லாந்து, வாயைப் பிளந்து, கைப்பிடியை இறுக்கிக்கொண்டு நான் கேட்ட, பல்லைக் குடையும் மிஷினின் சத்தம் அது.

நான்காவது சுற்றில் வண்டி வாசலில் நின்றது. வெர்னா எஞ்சினை அணைத்துவிட்டுப் படியேறி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தினமும் எட்டு மணி நேரம்," என்றார் டாக்டர். "இருபத்தாறு வருஷமா. வாரத்துல ஒரு நாளு ஆசையா வண்டிய எடுக்குறேன். ரெண்டாவது கியர் போட்டா என் கிளினிக்கு கூடவே வருது."

"லவான்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? அவ வேணாம் வேணாம்னா, நான்தான் அடம் பிடிச்சேன். கார் கிளப்ல அத்தன பேருக்கும் பொறாமை. பாறைநொறுக்கி சத்தம் தாங்கலன்னு ஒரு பல் டாக்டர் சொன்னா, அதுக்கப்புறம் நான் இந்த ஊர்ல வண்டிய எடுத்துக்கிட்டு வெளிய வர முடியுமா? தலைமுறைக்கும் சொல்லிச் சிரிப்பானுங்க."

"அப்புறம் எதுக்குத் தடத்துல எறக்கினீங்க?"

"பாறைநொறுக்கி வெச்சுக்கிட்டு ரூட் பியர் கடைக்கு மட்டும் போறியேன்னு நண்பர்கள் கேட்டாங்க. பந்தய டயர் வேற கொண்டுவந்து மாட்டினாங்க. எப்படி இல்லன்னு சொல்றது?" அவர் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டார். "நான் லவான் மேல ஒரு வார்த்த சொல்லல மேடம். கமிட்டிதான் சொல்லுச்சு."

"ஆமா. நீங்க சும்மா இருந்தீங்க. அது போதுமா இருந்துச்சு." வெர்னா குரலை உயர்த்தவேயில்லை. "உங்களால வண்டியோட வெளிய வர முடியாது. சரி. லவான் எப்படி வெளிய வருவா?"

டாக்டர் எலுமிச்சைச் சாற்றைக் கீழே வைத்தார்.

"தம்பி, அந்தக் கக்கத்துக் கட்டைய எடுங்க," என்றார்.

கமிட்டி, தடத்தின் நேரம் குறிக்கும் கோபுரத்தில் மேல்மாடியில் கூடியது. ஏழு பேர், ஒரு மேஜை, ஒரு பச்சைப் பதிவேடு. தலைவர் ஹோரெஸ் பீல், வயது எழுபத்தைந்து, கையில் சிவப்புப் பென்சில். லவான் சுவரோரம் நின்றிருந்தாள். டாக்டரைப் படியில் ஏற்றியதில் என் முதுகு போனது.

டாக்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சத்தம், கிளினிக்கு, ஆர்லோ, பல்லு. ஒளிக்காமல் சொன்னார். நடுவில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, லவானின் முகத்தைப் பார்த்து அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அவள் அழுதுகொண்டிருந்தாள். துடைத்துக்கொள்ளவில்லை.

ஹோரெஸ் பீல் பென்சிலைக் கீழே வைத்தார். முடிந்தது என்று நினைத்து நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அவர் மறுபடி எடுத்தார்.

"ஒரே ஒரு கேள்விம்மா. நீ போட்ட பாறைநொறுக்கியே அந்த வண்டியில இருந்துச்சுன்னு வெச்சுக்க. அந்த எஞ்சின், அந்தப் பந்தய டயரு. தாங்கியிருக்குமா?"

'தாங்கும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உடைந்தது அது இல்லை. அதை யாரும் இனி சோதித்துப் பார்க்கப் போவதில்லை. நான் மனதுக்குள் அந்த வார்த்தையை அவளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெர்னா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"தாங்காது," என்றாள் லவான்.

"ஏன்?" என்றார் பீல்.

"சாதா டயருன்னா தாங்கும். கொஞ்சம் வழுக்கி விட்டுடும், பெட்டிக்கு அடி விழாது. பந்தய டயரு தரையக் கவ்விப் பிடிச்சுக்கும். அப்ப அடி பூரா பெட்டிக்குத்தான். நாலு ஓட்டம் தாங்கியிருக்கும், அஞ்சாவதுல போயிருக்கும். எனக்கு அது தெரியும். சாதா டயர்தான் போடணும்னு வாயால சொன்னேன், தாள்ல எழுதல. அவரு ஆசப்பட்டாருன்னு விட்டுக் குடுத்துட்டேன். முடியாதுன்னு சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

எனக்கு அவளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. பெருமையாகவும் இருந்தது.

ஹோரெஸ் பீல் மற்ற ஆறு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இருபது வருஷமா இதே கேள்விய எல்லா மெக்கானிக்குகிட்டயும் கேக்குறேன்," என்றார். "எல்லாரும் தாங்கும்னுதான் சொல்லியிருக்கானுங்க. உடைஞ்ச பெட்டிய கையில வெச்சுக்கிட்டே சொல்லியிருக்கானுங்க." பதிவேட்டை மூடி, பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "பேரு இருக்கட்டும். வேற விஷயம் இருக்கா?"

வேறு விஷயம் இல்லை. நாற்காலிகள் நகர்ந்தன. வெர்னா லவானின் தோளில் ஒரு முறை தட்டினார். அவரிடமிருந்து அது நீண்ட உரை.

டாக்டர் கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு லவான் பக்கத்தில் வந்தார்.

"அந்த அஞ்சு கியர் பெட்டி," என்றார். "அது நெசமாவே சத்தம் போடாதா?"

"போடாது டாக்டர்."

"தாங்குமா?"

"தாங்கும்."

"அப்ப… போட்டுக் குடுக்குறியாம்மா?"

லவான் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போடுறேன். ஆனா இந்தத் தடவ எல்லாம் நான் பாத்துக்குறேன். பெட்டி, கிளட்ச்சு, டயரு, எல்லாம். கியர்க் கம்பி மேல ஒரு குமிழ் இருக்கும்ல, அதோட கலர மட்டும் நீங்க சொல்லுங்க."

டாக்டர் பிரென்டிஸ் கட்டையில் சாய்ந்து நின்று, முழு நிமிஷம் யோசித்தார்.

"வெள்ளை," என்றார்.